ஆராபாரி: எழுதப்படாத ஒரு வாக்குறுதியின் பதினைந்து ஆண்டுகள்

மேற்கு வங்கத்தின் ஆராபாரி என்னும் ஊர்ப்பெயரைப் பலர் பள்ளிப் பாடநூல் வழியாக அறிந்திருப்பர். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், இயற்கை வளங்களைப் பற்றிய பாடத்தில், நெடுங்காலம் இடம்பெற்றிருந்த ஒரு பத்தி அவ்வூரைப் பற்றியது. சிதைந்து கிடந்த 1,272 ஹெக்டேர் சாலக் காட்டை 1972இல் ஒரு வன அலுவலர் ஊர்மக்களின் துணையோடு காக்கத் தொடங்கினார். மக்களுக்குக் காட்டில் வேலையும், விறகும் தீவனமும் எடுக்கும் வசதியும், இறுதி விளைச்சலில் 25 விழுக்காடும் தரப்பட்டன. ஒரு காலத்தில் மதிப்பற்றிருந்த காடு 1983இல் 12.5 கோடி ரூபாய் மதிப்புடையதாயிற்று. இதுவே அப்பத்தியின் சாரம்.

இச்செய்தியில் பிழை இல்லை. ஆயினும் வரலாற்று மாணவருக்கு மிகவும் தேவையான ஒரு விவரம் அதில் விடுபட்டுள்ளது. 25 விழுக்காடு என்ற பங்கு, அது சொல்லப்பட்ட நாளில் எந்தச் சட்டத்திலும் எந்த அரசாணையிலும் இல்லை. அப்பங்குக்கு அரசின் முறையான ஒப்புதல் கிடைத்தது 1987இல்தான். இடைப்பட்ட ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பதினோர் ஊர்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் ஓர் அலுவலரின் வாய்ச்சொல்லை நம்பிக் காட்டைக் காத்தன. பொறுப்பைப் பகிர்வதால் மக்கள் ஆற்றல் பெறுகின்றனர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அக்கூற்று எந்த அளவுக்கு மெய், எந்த இடத்தில் குறைபடுகிறது என்பதை ஆராய ஆராபாரியைவிடப் பொருத்தமான களம் இந்திய நிருவாக வரலாற்றில் அரிது.

நம்பிக்கையின் கதையைச் சொல்வதற்கு முன் அவநம்பிக்கையின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்திய வனத்துறை 1864இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரின் தலைமையில் உருப்பெற்றது. முதல் வனச் சட்டம் 1865இலும், அதனினும் கடுமையான இரண்டாம் சட்டம் 1878இலும் இயற்றப்பட்டன. காடு அரசின் உடைமை என்பதும், ஊரார் அங்கே பெறுவது உரிமையன்று, அரசு விரும்பினால் அளிக்கும் சலுகை என்பதும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடித்தளம். இக்கருத்துக்கு அக்காலத்திலேயே மறுப்பு எழுந்தது. சென்னை மாகாண வருவாய் வாரியம், காடுகள் யாவும் ஏதேனும் ஓர் ஊரின் வழக்காற்று எல்லைக்குள் அடங்கியவை என்றும், தொன்றுதொட்டு வரும் பயன்பாட்டை வெறும் சலுகை என்று தள்ளிவிட முடியாது என்றும் வாதிட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தாமல் இருந்ததும், அங்கே 1882இல் தனிச் சட்டம் வந்ததும் இவ்விவாதத்தின் விளைவுகளே. பிராண்டிஸும் ஊர்களுக்கெனத் தனிக் காடுகள் ஒதுக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் உடையவர். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கிராமக் காடு' என்றொரு வகையும் சேர்க்கப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. நடைமுறையில் வென்றது காப்புக்காடு. 1927ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெற்றியை உறுதிசெய்தது. விடுதலை பெற்ற இந்தியாவும் அச்சட்டத்தையே தொடர்ந்து கைக்கொண்டது.

மேதினிப்பூர் மாவட்டத்தின் காட்டுப்பகுதிக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. 'ஜங்கல் மகால்' என வழங்கிய அந்நிலம், கம்பெனியாரின் வரிக்கொள்கையை எதிர்த்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த 'சுவார்' கிளர்ச்சிகளின் களம். 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ் அங்கிருந்த காடுகள் ஜமீன்தார்களின் கைக்குச் சென்றன. சந்தால் முதலிய பழங்குடியினரும் ஏனைய உழவர்களும் அக்காடுகளை நம்பியே வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரயில் பாதை வந்தபோது, தண்டவாளக் கட்டைகளுக்கும் கல்கத்தா சந்தைக்கும் சால மரம் விலைபோகும் பண்டமாயிற்று. விடுதலைக்குப்பின் 1953ஆம் ஆண்டு ஜமீன் கையகப்படுத்தும் சட்டம் தனியார் காடுகளை அரசுடைமை ஆக்கியது. கைவிட்டுப் போகப்போகும் சொத்தைக் கையில் உள்ளபோதே காசாக்கிவிட முனைவது உடையோர் இயல்பு. ஆகவே அரசிடம் வந்துசேர்ந்த காட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

இதன்பின் வனத்துறை காவலர்களைக் கொண்டு காட்டைக் காக்க முயன்றது. பசித்த ஊர்கள் ஒருபுறம், பரந்த காடு மறுபுறம், இடையில் கைத்தடியோடு சில காவலர்கள். வழக்குகள் தொடரப்பட்டன, கோடரிகள் பறிமுதல் ஆயின, தலைச்சுமை விறகு விற்கச் சென்ற பெண்கள் மறிக்கப்பட்டனர். இத்தனைக்கும் பின்னர் 1970ஆம் ஆண்டளவில் ஆராபாரி வனச்சரகத்தில் எஞ்சியிருந்தது முழங்கால் உயரப் புதர். நக்சல்பாரி இயக்கத்தின் அதிர்வுகள் மேதினிப்பூரிலும் உணரப்பட்ட காலம் அது. அரசு சீருடை ஊருக்குள் நுழைவதே எளிதன்று.

அச்சூழலில், 1971–72இல், வன வளர்ப்பியல் அலுவலராகப் பணியாற்றிய அஜித் குமார் பானர்ஜி ஆராபாரியில் ஆய்வு நடத்தும் பொறுப்பை ஏற்றிருந்தார். அவர் நட்டவற்றை ஊரார் வெட்டினர். அவர்களுடைய மாடுகள் மேய்ந்தன. வழக்கமான விடை இன்னும் சில காவலர்களை நியமிப்பது. பானர்ஜி வேறொரு கேள்வியை எழுப்பினார்: திருட்டு விறகால் ஒரு குடும்பம் ஆண்டொன்றுக்கு எவ்வளவு ஈட்டுகிறது? அத்தொகையை வேறு நேர்மையான வழிகளில் ஈடுசெய்ய இயலுமா?

இக்கேள்வியின் சிறப்பு நுணுகி நோக்கத்தக்கது. வெட்டுபவரைக் குற்றவாளி என்று கருதும்வரை அவருடைய வரவுசெலவு அலுவலரின் கவனத்துக்கு வருவதில்லை. அவரை ஒரு குடும்பத்தின் பொறுப்பாளர் என்று கருதிய கணத்திலேயே அது கணக்கிடத்தக்க பொருளாகிறது. விறகு வெட்டுவது கடும் உழைப்பு, குறைந்த வரவு, ஓயாத அச்சம் ஆகியவற்றைக் கொண்ட தொழில். மாற்று இருந்தால் அதை விரும்பி மேற்கொள்வார் எவரும் இல்லை. காட்டில் மரம் நடுதல், மண்காப்பு முதலிய பணிகளை வேளாண்மை வேலை இல்லாத மாதங்களில் அமைத்து அவற்றை ஊராருக்கே அளிப்பது. சால இலை, காளான், பீடி இலை, இலுப்பைப் பூ, புல், சுள்ளி ஆகியவற்றை எடுக்க இடந்தருவது. மரம் வளர்ந்து விற்கும் நாளில் நிகர வருவாயில் கால்பங்கு தருவது என்பன உடன்பாட்டின் ஒரு பக்கம். வெட்டாமலும் மேய்க்காமலும் இருப்பதும், பிறரை வெட்டவிடாமல் தடுப்பதும் மறுபக்கம். இரவுக்காவலை ஊரார் முறைவைத்து ஏற்றனர்.

நன்மனம் மட்டுமே இம்முயற்சியைத் தாங்கியிராது. சால மரத்தின் இயல்பும் துணைநின்றது. அடிமரம் வெட்டுண்டாலும் சாலத்தின் வேர் நெடுங்காலம் உயிரோடிருக்கும். தொடர்ந்து வெட்டாமலும் மேயவிடாமலும் இருந்தால் மறுதாம்பு துளிர்த்துச் சில ஆண்டுகளிலேயே காடு நிமிர்ந்துவிடும். காப்பின் பயனை மக்கள் தம் கண்ணாலேயே விரைவில் காண முடிந்தது. தையல் இலைக்குரிய சால இலை முதல் சில பருவங்களிலேயே கிடைத்தது. நீண்டகாலப் பயனை நம்பச் சொல்லும் எந்தத் திட்டத்துக்கும் குறுகியகாலப் பயன் ஒன்று முட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பாடம் இதில் உண்டு. அளவும் ஒரு காரணம். 1,272 ஹெக்டேரை 618 குடும்பங்களுக்கு வகுத்தால் குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 ஹெக்டேர். ஒருவரையொருவர் அறிந்த ஊர்கள், நடந்தே சுற்றிவரத்தக்க காடு, எல்லை மயக்கம் இல்லாத பொறுப்பு ஆகியவை ஒருங்கே அமைந்தன.

இங்கே சமகால அறிவுலகச் சூழலையும் நினைவுகூர வேண்டும். அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின், பொதுவளம் எதுவாயினும் அதைப் பயன்படுத்துவோராலேயே அழியும் என்று வாதிட்ட புகழ்பெற்ற கட்டுரை 1968இல் வெளிவந்தது. அரசுடைமை அல்லது தனியுடைமை என்ற இரண்டே வழிகளை அக்கட்டுரை முன்வைத்தது. ஆராபாரியின் காடு அவ்விரு வழிகளையும் முன்பே கண்டிருந்தது. ஜமீன்தாரின் தனியுடைமையில் அது வெட்டுண்டது; அரசுடைமையில் தேய்ந்தது. மூன்றாவது வழியாகிய ஊரார் கூட்டுப் பொறுப்பில்தான் துளிர்த்தது. பொதுவளத்தைப் பயனாளரே விதி வகுத்துக் காத்துவரும் சமூகங்களை எலினார் ஆஸ்ட்ரம் கோட்பாட்டு நூலாக ஆராய்ந்து வெளியிட்டது 1990இல். அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009இல். கோட்பாட்டுக்குப் பல ஆண்டுகள் முன்னரே களம் விடையைத் தேடத் தொடங்கியிருந்தது.

இனி, அப்பதினைந்து ஆண்டுகளைப் பற்றி. இவ்வுடன்பாட்டில் இருதரப்பாரும் ஏற்ற இடர் ஒரே அளவினதன்று. அலுவலர் தமக்கு அதிகாரம் இல்லாத ஒன்றை வாக்களித்தார். அரசின் வருவாயில் கால்பங்கை விட்டுக்கொடுக்க ஓர் அலுவலருக்கு எந்த விதியும் இடந்தரவில்லை. வாக்கு பொய்த்தால் அவருடைய பெயர் கெடும், பணிக்கும் இடர் வரலாம். ஊராரின் இடரோ அன்றாட உணவைப் பற்றியது. இன்றைய விறகை விட்டுவிட்டுப் பத்தாண்டுகளுக்குப் பின் வரும் கால்பங்கை நம்புவது, சேமிப்பு ஏதும் இல்லாத குடும்பத்துக்கு மிகப்பெரிய கடன் கொடுப்பதற்கு ஒப்பானது. வறியோர் அரசுக்குக் கொடுத்த கடன் என்றே ஆராபாரியைக் கூறலாம். அலுவலர்கள் மக்களை நம்பினர் என்று இக்கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மக்கள் அரசை நம்பியது அதனினும் பெரிய செயல். அவர்களுக்கு அதற்கு முந்தைய நூறாண்டு அனுபவம் எதையும் நம்பத் தூண்டவில்லை.

காலம் செல்லச் செல்ல மாநிலத்தின் அரசியலும் மாறியது. 1977இல் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. 1978இல் ஊராட்சித் தேர்தல்கள் நடந்தன. அதே ஆண்டில் குத்தகை உழவர்களைப் பதிவுசெய்யும் 'ஆபரேஷன் பர்கா' தொடங்கிற்று. சிற்றூர்களில் உழைப்போர் கூடிப் பேசுவதும் கணக்குக் கேட்பதும் இயல்பாயின. அண்டைப் பகுதிகளிலும் ஊர்க்குழுக்கள் தோன்றிக் காடு காக்க முற்பட்டன. இதனால் 1980களின் நடுப்பகுதியில் அரசின் முன் நின்ற கேள்வி உருமாறியிருந்தது. மக்களை நம்பலாமா என்ற கேள்விக்குக் காடே விடையளித்துவிட்டது. கொடுத்த வாக்கை அரசு காக்குமா என்பதே எஞ்சிய கேள்வி. 1987இல் ஆராபாரிக்கு மட்டும் பங்கீட்டு ஆணை பிறந்தது. 1989இல் தென்மேற்கு வங்கம் முழுமைக்கும் வனப் பாதுகாப்புக் குழுக்களை ஏற்கும் தீர்மானம் வெளியாயிற்று.

தேசிய அளவிலும் காற்று திசைமாறியது. 1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, காட்டை நம்பி வாழ்வோரின் தேவையை வருவாய்க்கு முன்னே வைத்தது. 1990 ஜூன் 1 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் வனத்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து 'கூட்டு வன மேலாண்மை' நாடளாவிய திட்டமாயிற்று. பிற்காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள், இரண்டு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டுப் பரப்பில் அமைந்தன. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பானிய நிதியுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தின் கிராம வனக் குழுக்களும் இவ்வழியில் வந்தவையே.

திட்டம் பெருகியபோது அதன் உயிர்நாடி அதே வலிமையோடு பெருகியதா என்பது வேறு. மூன்று குறைபாடுகள் ஆராய்ச்சியாளர்களால் மீண்டும் மீண்டும் சுட்டப்பட்டுள்ளன.

முதலாவது, அதிகாரப் பங்கீடு. பெரும்பாலான மாநிலங்களின் ஆணைகளில் வன அலுவலரே குழுவின் செயலர். குழுவைக் கலைக்கும் அதிகாரமும் துறையிடமே. காவல் காக்கும் பொறுப்பு ஊருக்கு வந்தது; எந்த மரத்தை நடுவது, எப்போது வெட்டுவது, யாருக்கு விற்பது என்ற முடிவு துறையிடம் நின்றது. பொறுப்பு மட்டும் பகிரப்பட்டு அதிகாரம் பகிரப்படாதபோது அதன் பெயர் கூலியில்லா வேலை.

இரண்டாவது, கணக்கு. பங்கு என்பது நிகர வருவாயின் பங்கு. செலவைக் கணக்கிடுவதும் கழிப்பதும் துறையின் கையில் இருந்தால், மிஞ்சும் தொகை எவ்வளவு என்பதை ஊரார் சரிபார்க்க வழியில்லை. கணக்கைக் காட்டாத கூட்டாளியை நெடுநாள் நம்புவது எவர்க்கும் அரிது.

மூன்றாவது, குடும்பம் என்ற சொல்லுக்குள் மறைந்திருந்தவர்கள். 618 குடும்பங்கள் என்று எண்ணும்போது எண்ணப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண் தலைவர்கள். விறகு சேர்ப்பவர், இலை தைப்பவர், காளான் பொறுக்குபவர் பெண்கள். காட்டை மூடுவது என்று ஆண்கள் கூடி முடிவெடுத்தால், மறுநாள் அடுப்புக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டியவர் அக்கூட்டத்தில் இல்லாதவர். மேற்கு வங்கத்தின் விதி பின்னர்த் திருத்தப்பட்டுக் கணவன் மனைவி இருவரும் உறுப்பினராயினர். பீனா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட நூல், நிருவாகக் குழுவில் பெண்கள் போதிய எண்ணிக்கையில் இருந்த இடங்களில் காட்டின் நிலையும் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. பெண்களைச் சேர்ப்பது நீதியின் பொருட்டு என்று மட்டுமே கருதியோர்க்கு, அது காட்டின் பொருட்டும் தேவை என்பதை அந்நூல் உணர்த்தியது.

இக்குறைபாடுகள் மூன்றும் ஒரே வேரிலிருந்து எழுபவை. கூட்டு வன மேலாண்மை ஆணைகளால் நின்றது; ஆணையால் கொடுத்ததை ஆணையாலேயே திரும்பப் பெறலாம். 1878ஆம் ஆண்டின் பழைய வாதம், உரிமையா சலுகையா என்ற வாதம், இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வாதத்தில் உரிமையின் பக்கம் நின்றது. பழங்குடியினரும் தலைமுறைகளாகக் காட்டில் வாழும் பிறரும் தம் சமூகக் காட்டைக் காக்கவும் ஆளவும் உள்ள உரிமையை அச்சட்டம் ஏற்றது; உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராயும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. சென்னை வருவாய் வாரியத்தின் மறுப்பு ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்துச் சட்டத்தின் மொழியில் இடம்பெற்றது எனலாம். அச்சட்டம் களத்தில் முழுமையாகச் செயல்படவில்லை என்பதும், பல இடங்களில் வனத்துறையின் பழைய குழுக்களும் கிராம சபையும் ஒரே காட்டின்மீது போட்டியிடுகின்றன என்பதும் இன்றைய ஆய்வுகளின் பொருள்.

அப்படியாயின் ஆராபாரியை எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு நல்ல அலுவலரின் வெற்றிக்கதை என்று போற்றுவது எளிது. உரிமை தராத முன்னோட்டம் என்று தள்ளுவதும் எளிது. இரண்டும் அப்பதினைந்து ஆண்டுகளைக் கணக்கில் கொள்வதில்லை. சட்டம் இல்லாத இடத்தில் நம்பிக்கை தொடக்கமாக அமைய முடியும் என்பதை ஆராபாரி காட்டியது. 1972இல் உரிமைச் சட்டத்துக்காகக் காத்திருந்தால் சாலத்தின் வேரும் மடிந்திருக்கும். அதே வேளையில், நம்பிக்கை முடிவாக அமைய முடியாது என்பதையும் ஆராபாரியின் பின்வரலாறு காட்டுகிறது. ஓர் அலுவலர் இடம்மாறுவார், ஓய்வுபெறுவார். அடுத்தவர் அதே வாக்கைக் காப்பார் என்பதற்கு எழுத்தும் உரிமையும் தவிர வேறு பிணை இல்லை.

எனவே பொறுப்புப் பகிர்வு பற்றிய எந்தத் திட்டத்தையும் ஆராயும் மாணவர், மக்களை நம்புகிறார்களா என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது. இவ்வுடன்பாட்டை முறிக்கும் வசதி யாருக்கு உண்டு, முறிந்தால் இழப்பு யாருக்கு என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆராபாரியில் முறிக்கும் வசதி அரசிடம் இருந்தது. இழப்பு ஊராருக்கு வந்திருக்கும். ஆயினும் பதினைந்து ஆண்டுகள் அவ்வூரார் தம் சொல்லைக் காத்தனர். பாடநூல் எழுதிய 12.5 கோடி மரத்தின் விலை. இரவுதோறும் முறைவைத்துக் காட்டைச் சுற்றிவந்தவர்களின் பொறுமைக்கு அக்கணக்கில் இடமில்லை. காட்டை நிமிர்த்தியதில் அப்பொறுமைக்கே பெரும்பங்கு உண்டு.